ராபர்ட் நாய்ஸ்: மைக்ரோசிப்பை உருவாக்கியவர், இன்டெலைத் தொடங்கியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராபர்ட் நாய்ஸ் யார்?

அமெரிக்க இயற்பியலாளர். மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண் சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்களையும் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகத் தடங்களையும் ஒரே சிலிக்கான் துண்டின் மீது சேர்த்து உருவாக்கும் முறைக்கு 1959-இல் காப்புரிமை கோரியவர். ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தை 1957-இலும், இன்டெல் நிறுவனத்தை 1968-இலும் பிறருடன் சேர்ந்து தொடங்கியவர். 1927 டிசம்பர் 12 அன்று அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்த அவர், 1990 ஜூன் 3 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு 62 வயது.

அவரைப் பற்றி எழுதுவோர் சிலர் தனித்து நின்று சாதித்த மேதையாகவும், சிலர் பணம் பெருக்கத் தெரிந்த தொழிலதிபராகவும் காட்டுகிறார்கள். இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதிதான் இருக்கிறது. ஆய்வகத்தில் பிறர் கண்டதைப் பார்த்தவுடனேயே, அதைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ய என்ன வழி என்று அவர் சிந்திக்கத் தொடங்கிவிடுவார். மற்ற இயற்பியலாளர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டியது அந்தப் பழக்கமே என்பது என் கருத்து. கீழே உள்ள விடைகளில் பல அதையே சுற்றி வருகின்றன.

மைக்ரோசிப்பைக் கண்டுபிடித்தவர் நாய்ஸா, ஜாக் கில்பியா?

இருவரும்தான், இன்னும் சிலரும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள, 1950-களின் இறுதியில் மின்னணுத் துறை எங்கே சிக்கி நின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரான்சிஸ்டர் வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஒரே சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்களை உருவாக்கவும் கற்றிருந்தார்கள். ஆனால் அப்படி உருவாக்கியவற்றைத் தனித்தனியாக வெட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நுண்ணோக்கியின் கீழ் கையால் கம்பி பொருத்தி, உறையிலிட்டு, பிறகு வாடிக்கையாளரின் சுற்றில் மறுபடியும் ஒன்றோடொன்று பற்றவைத்து இணைக்க வேண்டியிருந்தது. கணினியின் ஆற்றலைக் கூட்ட வேண்டுமானால் பாகங்களைக் கூட்ட வேண்டும். பாகங்கள் கூடினால் இணைப்புகள் கூடும். இணைப்புகளில் ஒன்று விட்டுப்போனாலும் முழுக் கருவியும் நின்றுவிடும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 1958-இல் புதிதாகச் சேர்ந்திருந்த கில்பி, மற்றவர்கள் கோடை விடுமுறையில் சென்றிருந்த நாட்களில் இந்தச் சிக்கலை யோசித்தார். டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி ஆகிய எல்லாவற்றையும் சிலிக்கான் போன்ற ஒரே குறைக்கடத்திப் பொருளிலேயே செய்துவிடலாம் என்பதே அவர் கண்ட விடை. 1958 செப்டம்பர் 12 அன்று ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தித் தனிமத்தின் துண்டு ஒன்றில் அதைச் செய்தும் காட்டினார். சில்லு அல்லது மைக்ரோசிப் எனப்படும் ஒருங்கிணைந்த மின்சுற்று முதன்முதலாக இயங்கியது அன்றுதான். ஆனால் அந்தத் துண்டின் பாகங்களை மெல்லிய தங்கக் கம்பிகளே இணைத்தன. அவற்றைக் கையால்தான் பொருத்த முடிந்தது. எந்தக் கைவேலையை ஒழிக்க வேண்டுமோ அது அங்கேயே நின்றது.

நாய்ஸ் வேறொரு வாசல் வழியாக அதே அறைக்குள் வந்தார். ஃபேர்சைல்டில் அவரோடு பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டு இயற்பியலாளர் ஜீன் ஹோர்னி, டிரான்சிஸ்டரின் மேற்பரப்பில் உருவாகும் சிலிக்கான் ஆக்சைடு படலத்தை நீக்காமல் அப்படியே விட்டுவிட்டால், தூசியும் ஈரமும் படாமல் அதன் உள்சந்திகளை, அதாவது அதன் வெவ்வேறு பகுதிகள் கூடும் இடங்களை, காக்கலாம் என்று கண்டிருந்தார். அதுவரை அந்தப் படலத்தை அழுக்கு என்று கருதிக் கழுவி எடுத்துவிடுவதே வழக்கம். உறைக்குள் சிக்கிய சிறு உலோகத் துகள் சந்தியைத் தொட்டாலே பழுதாகிவிடும் டிரான்சிஸ்டர்களை விற்றுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு ஹோர்னியின் இந்தத் தட்டைப் பரப்பு முறை பெரிய மீட்சியாக வந்தது. அதற்குக் காப்புரிமை எழுத முற்பட்டபோது, இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டார். நாய்ஸ் யோசிக்கத் தொடங்கினார்.

ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அதன்மீது அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்து, தேவையான கோடுகளை மட்டும் விட்டு மற்றதை அரித்து எடுத்தால், அந்தக் கோடுகளே கம்பிகளாகிவிடும். கீழே உள்ள டிரான்சிஸ்டரை எந்த இடத்தில் தொட வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் ஆக்சைடில் சிறு சாளரம் திறந்தால் போதும். ஒளியால் வடிவங்களைப் பதித்து டிரான்சிஸ்டரை உருவாக்கும் அதே ஒளிப்பட முறையே இணைப்புகளையும் உருவாக்கிவிடும். மனிதக் கை எங்கும் நுழைய வேண்டியதில்லை. 1959 ஜனவரி 23 அன்று நாய்ஸ் இதைத் தம் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதினார். காப்புரிமை விண்ணப்பம் ஜூலை 30 அன்று சென்றது.

ஒரே துண்டில் அமைந்த பாகங்கள் ஒன்றின் மின்னோட்டத்தை மற்றொன்று கெடுக்காதபடி பிரித்து வைக்கும் முறைக்கு ஸ்பிரேக் நிறுவனத்தின் குர்ட் லெஹோவெக் காப்புரிமை பெற்றார். நாய்ஸ் ஏட்டில் எழுதியதை 1960-இல் உண்மையான சில்லாகச் செய்து காட்டியது ஃபேர்சைல்டில் ஜே லாஸ்ட் தலைமையில் இயங்கிய குழு. லாஸ்டின் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது, அது நியாயமன்று. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு அந்த வேலையை வீண்செலவு என்று எதிர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அதை முடித்தார். பிறகு 1961-இல் ஹோர்னியோடு சேர்ந்து ஃபேர்சைல்டை விட்டு வெளியேறினார்.

காப்புரிமை வழக்கு எப்படி முடிந்தது?

கில்பி 1959 பிப்ரவரியிலேயே விண்ணப்பித்திருந்தாலும், நாய்ஸுக்கே முதலில், 1961 ஏப்ரல் 25 அன்று, காப்புரிமை வழங்கப்பட்டது. கில்பிக்கு 1964-இல் கிடைத்தது. இரு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடின. சில்லின் மேற்பரப்போடு ஒட்டிய இணைப்புகளைக் கில்பியின் விண்ணப்பம் போதிய அளவு விவரிக்கவில்லை என்று 1969-இல் சுங்கம் மற்றும் காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம் நாய்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் தீர்ப்பு வந்தபோது அதனால் பெரிய பயன் எதுவும் இல்லை. இரு நிறுவனங்களும் 1966-லேயே ஒருவர் உரிமையை மற்றவர் பயன்படுத்திக்கொள்ள உடன்பட்டுவிட்டன. கண்டுபிடிப்பாளர்கள் இருவருமே ஒருவரைப் பற்றி ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அப்படியானால் நோபல் பரிசு கில்பிக்கு மட்டும் கிடைத்தது ஏன்?

பரிசு வழங்கப்பட்டது 2000-இல். நாய்ஸ் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். இறந்தவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்படுவதில்லை. அவருடைய தகுதியைக் குறைத்து மதிப்பிட்டதாக இதைப் படிக்க வேண்டியதில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 1979-இலும், தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1987-இலும் அவருக்குக் கிடைத்தன. பொறியியலுக்காக நிறுவப்பட்ட டிரேப்பர் பரிசின் முதல் ஆண்டிலேயே அவரும் கில்பியும் அதைச் சேர்ந்து பெற்றார்கள்.

அவருடைய குடும்பமும் படிப்பும் எப்படிப்பட்டவை?

தந்தை ரால்ஃப் நாய்ஸ் ஒரு கிறிஸ்தவச் சபையின் போதகர். நான்கு மகன்களில் ராபர்ட் மூன்றாமவர். தந்தையின் பணி காரணமாக ஊர் ஊராக மாறிய குடும்பம் இறுதியில் அயோவாவின் கிரின்னெல் என்ற சிற்றூரில் தங்கியது. வீட்டில் பணம் தாராளமாக இருந்ததில்லை. பன்னிரண்டு வயதில் அண்ணனோடு சேர்ந்து ஆள் ஏறக்கூடிய சறுக்கு விமானம் ஒன்றைச் செய்து, கல்லூரித் தொழுவத்தின் கூரையிலிருந்து பறந்து பார்த்திருக்கிறார். விமானம் ஓட்டும் ஆசை அவரை இறுதிவரை விடவில்லை.

அதே ஊரின் கிரின்னெல் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்தார். அங்கே கிராண்ட் கேல் என்ற பேராசிரியர் இருந்தார். டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பார்டீன் அவருக்கு மாணவப் பருவத்து அறிமுகம். டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வகத்தின் தலைவரோ கிரின்னெல் கல்லூரியின் பழைய மாணவர். இந்தத் தொடர்புகளின் வழியே, பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் பாடத்தில் இல்லாத டிரான்சிஸ்டர் இந்தச் சிற்றூர்க் கல்லூரி மாணவனின் காதுக்குச் சீக்கிரமே எட்டியது. பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, டிரான்சிஸ்டரைப் பற்றி அங்கு கற்பிக்கக்கூடியவர்கள் அதிகம் இல்லை என்பதை அவர் கண்டார். 1953-இல் பட்டம் பெற்று, பெரிய ஆய்வகங்களைத் தவிர்த்து, ஃபிலடெல்ஃபியாவின் ஃபில்கோ நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

பன்றி திருடி மாட்டிக்கொண்டார் என்பது உண்மையா?

உண்மைதான். 1948-இல் மாணவர் விடுதியில் ஹவாய் பாணி விருந்து ஒன்றுக்காக, நாய்ஸும் நண்பரும் இரவில் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து சுமார் 25 பவுண்டு எடையுள்ள பன்றிக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பண்ணை ஊர் மேயருடையது. மறுநாள் மனம் உறுத்தி, பணம் தந்துவிடுவதாகச் சொல்லிப் போனபோது விவகாரம் பெரிதாகிவிட்டது. வேளாண்மையை நம்பி வாழும் மாநிலத்தில் கால்நடைத் திருட்டு என்பது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். கேலும் கல்லூரித் தலைவரும் தலையிட்டு, தண்டனையை ஒரு பருவத்துக்குக் கல்லூரியிலிருந்து விலக்கி வைப்பதோடு நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் நாய்ஸ் நியூயார்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தார். திரும்பி வந்து 1949-இல் உரிய காலத்திலேயே பட்டம் பெற்றார்.

ஷாக்லியை விட்டு எட்டுப் பேர் வெளியேறியது ஏன்?

டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காக 1956-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஷாக்லி, அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஓர் ஆய்வகம் தொடங்கி, நாடெங்கிலுமிருந்து திறமையான இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். ஃபில்கோவில் இருந்த நாய்ஸும் அவர்களில் ஒருவர். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இருந்த கண், அவர்களை வைத்துக்கொள்வதில் இல்லை. ஆய்வகத்தில் நடந்த ஒரு சிறு விபத்துக்குப் பிறகு ஊழியர்களைப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படுத்த முயன்றார். சிலிக்கான் டிரான்சிஸ்டர்களை விட்டுவிட்டு, தாம் விரும்பிய நான்கடுக்கு டயோடின் பின்னால் எல்லோரையும் ஓடவிட்டார். மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டம் குறையும், அதாவது எதிர்மறை மின்தடையுள்ள, டயோடு ஒன்றைப் பற்றி நாய்ஸ் எழுதிக் காட்டிய குறிப்பையும் அவர் ஊக்குவிக்கவில்லை. அதே விளைவை ஜப்பானில் தனியாகக் கண்டறிந்து 1958-இல் வெளியிட்ட லியோ எசாகி, 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஜூலியஸ் பிளாங்க், விக்டர் கிரினிச், ஜீன் ஹோர்னி, யூஜின் கிளைனர், ஜே லாஸ்ட், கார்டன் மூர், ஷெல்டன் ராபர்ட்ஸ் ஆகிய ஏழு பேர் சேர்ந்து வெளியேறத் தீர்மானித்தார்கள். ஷாக்லியோடு ஓரளவு இணக்கமாக இருந்த நாய்ஸ் கடைசியாகத்தான் சேர்ந்தார். ஆனால் தலைவர் ஒருவர் தேவைப்பட்ட இடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது அவரைத்தான். நியூயார்க்கின் இளம் நிதித்துறையாளர் ஆர்தர் ராக் ஒவ்வொரு நிறுவனமாகக் கதவு தட்டி, கடைசியில் ஷெர்மன் ஃபேர்சைல்டின் கேமரா நிறுவனத்திடமிருந்து சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் ஏற்பாடு செய்தார். எட்டுப் பேரும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். 1957 இலையுதிர் காலத்தில் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் தொடங்கியது. முதல் வாடிக்கையாளரான ஐபிஎம், ஒன்று 150 டாலர் வீதம் 100 டிரான்சிஸ்டர்களுக்கு ஆணை கொடுத்தது.

நாய்ஸ் தொழிலில் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு எது?

இன்டெலைத் தொடங்கியதையே பலரும் சொல்வார்கள். நான் 1960-களின் நடுவில் அவர் எடுத்த விலை முடிவையே சொல்வேன். அப்போது சில்லுகள் இருந்தன, வாங்கத்தான் ஆளில்லை. அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டும் கணினிக்கு ஃபேர்சைல்டின் சில்லுகள் தேர்வாகியிருந்தன, ராணுவமும் வாங்கியது. ஆனால் வணிக நிறுவனங்களின் பொறியாளர்கள் தயங்கினார்கள். தனித்தனிப் பாகங்களை வாங்கித் தாங்களே சுற்றமைப்பதைவிடச் சில்லு விலை அதிகம் என்பது ஒரு காரணம். சில்லு வந்துவிட்டால் சுற்றமைக்கும் தங்கள் வேலைக்கே என்ன இடம் என்ற அச்சம், வெளியே சொல்லப்படாத இன்னொரு காரணம்.

நாய்ஸ் தம் சில்லுகளின் விலையை, அவற்றுக்கு ஈடான தனிப் பாகங்களின் விலைக்கும் கீழே இறக்கினார். அந்த விலை அப்போதைய உற்பத்திச் செலவுக்கும் குறைவு. விற்பனை பெருகினால் தயாரிப்பில் கை தேறும், பழுது குறையும், செலவு விலைக்குக் கீழே வந்துசேரும் என்பது அவருடைய கணக்கு. அது பலித்தது. நாளைய செலவை வைத்து இன்றைய விலையைத் தீர்மானிக்கும் அந்தப் பழக்கம் குறைக்கடத்தித் தொழிலின் இயல்பாகவே ஆகிவிட்டது.

செலவைக் குறைத்ததற்கு மற்றொரு பக்கமும் உண்டு. சில்லை உறையிலிட்டு முடிக்கும் வேலையை ஃபேர்சைல்ட் ஹாங்காங்குக்கும், நியூ மெக்சிகோவில் நவஹோ பழங்குடியினர் வாழும் ஷிப்ராக்குக்கும் கொண்டுசென்றது. அங்கே பெரும்பாலும் பெண்களே குறைந்த கூலிக்கு அந்த வேலையைச் செய்தார்கள். தொழிற்சங்கங்களை நாய்ஸ் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவரைப் புகழும் கட்டுரைகளில் இந்தப் பகுதி வழக்கமாக இடம்பெறுவதில்லை.

நன்றாக நடந்த ஃபேர்சைல்டை விட்டு ஏன் விலகினார்?

லாபம் கலிஃபோர்னியாவில் பிறந்தது. அதைச் செலவழிக்கும் அதிகாரமோ கிழக்குக் கரையில் இருந்த தாய் நிறுவனத்திடம் இருந்தது. 1959-லேயே தாய் நிறுவனம் 30 லட்சம் டாலர் கொடுத்து எட்டுப் பேரின் பங்குகளையும் வாங்கிவிட்டது. அவர்கள் செல்வந்தர்கள் ஆனார்கள். ஆனால் உரிமையாளர்கள் என்ற நிலை போய்விட்டது. ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்க நிர்வாகம் தயங்கியதால் திறமையானவர்கள் ஒவ்வொருவராக வெளியேறித் தனி நிறுவனங்களைத் தொடங்கினார்கள். தலைமைப் பதவி காலியானபோது நாய்ஸ் புறக்கணிக்கப்பட்டார். 1968-இல் அவரும் மூரும் விலகினார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் இன்டெல் பதிவானது. அந்தப் பெயரின் உரிமையை வேறொரு நிறுவனத்திடமிருந்து 15,000 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆர்தர் ராக் இம்முறை 25 லட்சம் டாலர் திரட்டினார். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத திட்ட அறிக்கையும் நாய்ஸ், மூர் ஆகியோரின் பெயர்களுமே அதற்குப் போதுமானவையாக இருந்தன. முதலீடு செய்தவர்களில் கிரின்னெல் கல்லூரியும் ஒன்று. நாய்ஸ் அப்போது அதன் அறங்காவலர் குழுவில் இருந்தார். கல்லூரியும் அறங்காவலர்களும் சேர்ந்து போட்ட மூன்று லட்சம் டாலர் பன்மடங்காகப் பெருகி, அந்தச் சிறு கல்லூரியைச் செல்வ வளமுள்ள கல்லூரிகளில் ஒன்றாக்க உதவியது.

நுண்செயலியை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டா?

கணினியின் மூளையாக இயங்கும் சில்லே நுண்செயலி. அதன் வடிவமைப்பில் அவருக்குப் பங்கு இல்லை. ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் கணிப்பான்களுக்காகப் பல சில்லுகள் கேட்டு வந்தபோது, அவற்றுக்குப் பதில் பொதுப் பயனுள்ள ஒரே செயலியைச் செய்யலாம் என்று யோசித்தவர் இன்டெலின் பொறியாளர் டெட் ஹாஃப். அவருடன் ஸ்டான் மேசர் இருந்தார். அதை 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட உண்மையான சில்லாக வடித்தவர் ஃபெடெரிகோ ஃபாஜின். பிசிகாமிலிருந்து வந்த மசடோஷி ஷிமா அவருக்குத் துணை நின்றார். ஹாஃபின் யோசனை வாடிக்கையாளர் கேட்காத ஒன்றாக இருந்தும், தொடர்ந்து செய்யுங்கள் என்று ஊக்கம் கொடுத்தவர் நாய்ஸ். பின்னர் விலைக் குறைப்பு கேட்ட பிசிகாமிடமிருந்து, அந்தச் செயலியைப் பிறருக்கும் விற்கும் உரிமையை இன்டெல் பெற்றுக்கொண்டது. 4004 என்ற எண்ணோடு 1971 நவம்பரில் அது சந்தைக்கு வந்தது.

நிர்வாகியாக அவர் எப்படிப்பட்டவர்?

எளிமையானவர், ஆனால் கண்டிக்கத் தெரியாதவர். தலைவருக்கென்று தனி வாகன நிறுத்துமிடம் இல்லை, பெரிய தனியறை இல்லை, பொறியாளர்கள் பலருக்கும் நிறுவனத்தில் பங்கு உண்டு என்று இன்டெலில் அமைந்த நடைமுறையில் அவருடைய முத்திரை இருந்தது. பின்னால் வந்த கலிஃபோர்னிய நிறுவனங்கள் பலவும் அதைப் பின்பற்றின. எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டு, உங்களால் முடியும் என்று சொல்லி அனுப்புவதில் அவருக்கு இணையில்லை.

சச்சரவைத் தீர்ப்பதும், தகுதியற்றவரை நீக்குவதும், இல்லை என்று சொல்வதும் அவருக்கு வரவில்லை. ஃபேர்சைல்டில் பணியாற்றியபோதே இதைக் கவனித்து, பிறகு இன்டெலிலும் சேர்ந்த ஆண்டி குரோவுக்கு அவர்மேல் தொடக்கத்தில் பெரிய மதிப்பு இருக்கவில்லை. இன்டெலில் கடுமையான வேலைகளைக் குரோவே ஏற்றுக்கொண்டார். நாய்ஸ், மூர், குரோ மூவரும் ஒருவர் குறையை ஒருவர் நிரப்பியதால்தான் நிறுவனம் நின்றது. 1975-இல் நாய்ஸ் தலைமை நிர்வாகத்தை மூரிடம் கொடுத்துவிட்டு வாரியத் தலைவரானார்.

தனிவாழ்வும் சீராக இருக்கவில்லை. 1953-இல் மணந்த எலிசபெத் பாட்டம்லியோடு நான்கு குழந்தைகள் பெற்ற அவர், 1970-களின் நடுவில் மணவிலக்கு பெற்று, இன்டெலின் பணியாளர் பிரிவுத் தலைவராக இருந்த ஆன் பவர்ஸை மணந்தார்.

கடைசி ஆண்டுகளில் ஏன் ஆஸ்டினுக்குப் போனார்?

1980-களில் நினைவகச் சில்லுச் சந்தையை ஜப்பானிய நிறுவனங்கள் கைப்பற்றின. 1985-இல் இன்டெலே அந்தத் தொழிலிலிருந்து விலக நேர்ந்தது. அதற்கு முன்பே, 1977-இல், குறைக்கடத்தித் தொழில் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக வாஷிங்டனுக்கு அடிக்கடி சென்று வாதாடத் தொடங்கியிருந்தார் நாய்ஸ். அரசும் 14 நிறுவனங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு 1987-இல் செமாடெக் என்ற கூட்டு ஆய்வு அமைப்பை உருவாக்கின. ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் அரசின் பங்கு. ஒருவரோடு ஒருவர் போட்டியிட்ட நிறுவனங்களை ஒரே கூரையின் கீழ் நடத்த ஆள் கிடைக்காமல் மாதங்கள் ஓடின. 1988-இல் நாய்ஸ் தாமே அந்தப் பொறுப்பை ஏற்றார். சந்தையையே நம்பிப் பேசிவந்த ஒருவர் அரசுப் பணத்தில் நடக்கும் அமைப்புக்குத் தலைவரானது முரண்பாடாகப் படலாம். அவர் அதை மறைக்கவும் இல்லை. அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே இறந்தார்.

அவரைப் பற்றி இணையத்தில் உலவும் எந்தத் தகவல்களை நம்பக் கூடாது?

இன்டெல் ஒரு வாகனக் கொட்டகையில் பிறந்தது என்பது தவறு. போதிய முதலீட்டோடும் தொழில் அனுபவத்தோடும் தொடங்கிய நிறுவனம் அது. நுண்செயலியைக் கண்டுபிடித்தவர் நாய்ஸ் என்பதும் தவறு. சில்லில் அடங்கும் பாகங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965-இல் ஓர் இதழில் எழுதியவர் கார்டன் மூர். அந்தக் கணிப்பையும் சில கட்டுரைகள் நாய்ஸின் கணக்கில் எழுதிவிடுகின்றன. கில்பியின் யோசனையை அவர் திருடினார் என்ற குற்றச்சாட்டுக்கும் ஆதாரமில்லை. இருவரும் தனித்தனியே, வேறு வேறு பொருள்களில், வேறு வேறு முறைகளில் வேலை செய்தார்கள் என்பதை அவர்களுடைய குறிப்பேடுகளும் காப்புரிமை ஆவணங்களும் காட்டுகின்றன. இன்று தயாராகும் சில்லுகள், உலோகத் தடங்களை மின்காப்புப் படலத்தின் மீது பதிக்கும் நாய்ஸின் வழியிலேயே உருவாகின்றன. அலுமினியத்தின் இடத்தைப் பெரும்பாலும் செம்பு பிடித்துக்கொண்டது, தடங்களின் அடுக்குகள் பத்துக்கும் மேலாகப் பெருகிவிட்டன.